லண்டன் வரிசை வீடு: மேட்டில் இருப்பது வீடா, தெருவா?

விக்டோரியா காலத்து லண்டன் வீடுகளைப் பற்றிய நமது காணொளியைப் பார்த்த நேயர் ஒருவர் நுட்பமான ஒரு சந்தேகத்தைக் கேட்டிருக்கிறார். வாசற்கதவை அடையத் தெருவிலிருந்து சில படிகள் ஏற வேண்டியிருக்கிறது; நிலவறை தெருமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது; ஆனால் வீட்டின் பின்பக்கத்தில் அதே நிலவறையிலிருந்து ஏறக்குறைய நேராகவே தோட்டத்துக்குள் நடந்துவிட முடிகிறது. அப்படியானால் வீட்டைச் சரிவான நிலத்தில் கட்டினார்களா என்பது அவருடைய கேள்வி.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இவ்வகை வரிசை வீடுகளை ஆங்கிலத்தில் டெரஸ் என்பார்கள். டெரஸ் என்றதும் நமக்கு மொட்டை மாடிதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அச்சொல் பொதுச்சுவர்களால் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வீடுகளின் வரிசையைக் குறிக்கிறது.

கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலும் அங்கே சரிவு எதுவும் இல்லை. இயற்கையான நிலமட்டத்தை ஒட்டியிருப்பது பின்பக்கத் தோட்டம்; உயர்த்தப்பட்டது தெரு. நிலவறைக்காக ஓரளவு ஆழம் மட்டும் தோண்டி, அந்த மண்ணை இரண்டு வீட்டு வரிசைகளுக்கு நடுவே கொட்டிச் சாலையை மேடாக்கினார்கள். விக்டோரியா காலத்துக்கு முன்பே லண்டனில் வழக்கத்திலிருந்த இந்த முறையில், ஆழமாகத் தோண்டும் செலவும் மண்ணை வண்டியில் ஏற்றி வெளியேற்றும் செலவும் ஒருசேரக் குறைந்தன. நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, வாங்குவோர் வருவார்கள் என்ற நம்பிக்கையில் வரிசை வரிசையாகக் கட்டிய ஒப்பந்தக்காரர்களுக்கு அது பெரிய ஆதாயம். மண் அங்கே அவ்வளவு மதிப்புள்ள பொருளாக இருந்தது: கட்டட ஒப்பந்தக்காரர் தாமஸ் கியூபிட் உருவாக்கிய, லண்டனின் பிம்லிகோ பகுதியின் தாழ்ந்த நிலத்தைத் தூர்ப்பதற்கு, 1828இல் திறக்கப்பட்ட லண்டன் செயின்ட் கேதரின் கப்பல்துறையைத் தோண்டிய மண் தேம்ஸ் ஆற்று வழியாகக் கொண்டுவரப்பட்டது.

தெருவை உயர்த்தியதால் வீட்டு முன்புறத்துக்கும் நடைபாதைக்கும் இடையே ஒரு பள்ளம் அமைந்தது. இரும்புக் கம்பி வேலியிட்ட அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் நிலவறைச் சமையலறைக்கு வெளிச்சமும் காற்றும் சென்றன; வேலைக்காரர்களும் பொருள் கொண்டுவருவோரும் இறங்குவதற்கு அங்கே தனிப்படி இருந்தது. பள்ளத்தின் மறுபுறம், நடைபாதைக்கு அடியில், செங்கல் வளைவுக் கூரையுடன் நிலக்கரி அறைகள் கட்டப்பட்டன. நடைபாதையில் பதித்த, சுமார் ஓர் அடி விட்டமுள்ள வார்ப்பிரும்பு மூடியைத் திறந்து மேலிருந்தே கரியைக் கொட்டிவிடலாம் என்பதால், கரிக்காரர் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கரியை அங்கிருந்து வாளியில் அள்ளி, ஒவ்வோர் அறையின் கணப்படுப்புக்கும் மாடி மாடியாகச் சுமந்து சென்றவள் பணிப்பெண். அவள் பகலெல்லாம் வேலை செய்தது அடியிலுள்ள சமையலறையில், இரவில் உறங்கியது பெரும்பாலும் கூரையை ஒட்டிய சிற்றறையில். இடையில் இருந்தவை உணவறையும், அதற்கு மேல் மிக உயரமான சன்னல்களைக் கொண்ட வரவேற்பறையும், அதற்கும் மேல் படுக்கையறைகளும். மேலே போகப் போகச் சன்னல்கள் குறுகுவது கண்ணுக்கு அழகான அளவுமுறைதான். எனினும் எந்தத் தளத்தில் யார் வாழ்ந்தார் என்பதையும் அதே சன்னல்கள் சொல்கின்றன. முகப்பை மட்டும் ரசித்துவிட்டு அவள் ஏறிய படிகளை மறப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட சிறிய இரண்டடுக்கு வரிசை வீடுகளில் பொதுவாக நிலவறை இல்லாததால், இந்த விளக்கம் அவற்றுக்குப் பொருந்தாது. நீங்கள் பார்த்த வீட்டின் முன்னே நடைபாதையைக் கவனியுங்கள். வட்ட இரும்பு மூடிகள் வீட்டுக்கு ஒன்றாக வரிசையாகத் தென்பட்டு, பின்தோட்டமும் தெருவைவிடத் தாழ்ந்திருந்தால், நீங்கள் நிற்பது பெரும்பாலும் மனிதர் உயர்த்திய மண்ணின் மேல்தான்.