முதல் முறை இல்லை, மறுமுறை ஆம்: புரோலாக்கில் ஃபைல் படிக்கும்போது என்ன நடக்கிறது?

சரி, அடுத்த கேள்வி. தர்க்க விதிகளை வைத்து நிரல் எழுதும் மொழியான புரோலாக் பற்றி நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடைக் கடன் கணக்கை ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். புரோலாக்கில் அதைத் திறந்து முருகனைத் தேடினால் ஃபால்ஸ் என்கிறது. அதே கேள்வியை அப்படியே இன்னொரு முறை கேட்டால் விடை வருகிறது. லாஜிக் மொழி என்கிறார்களே, ஒரே கேள்விக்கு இரண்டு பதிலா? அப்புறம், நான் எழுதி வைத்ததை என்னாலேயே திரும்பப் படிக்க முடியவில்லை."

நல்ல கேள்வி. அவர் அனுப்பிய ஃபைலில் நமக்குத் தேவையானவை மூன்றே வரிகள்தான்:

கடன்(ராணி, 120).
கடன்(முருகன், 250).
கடன்(செல்வி, 75).

எஸ்.டபிள்யூ.ஐ. புரோலாக் என்ற மென்பொருளில் இப்படித் தமிழிலேயே எழுதலாம், தடையில்லை. மாறி, அதாவது மதிப்பு இன்னும் தெரியாத இடம், புரோலாக்கில் பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து கிடையாதே, அதனால் மாறிக்கு மட்டும் முன்னால் ஓர் அடிக்கோடு போட வேண்டும். அவர் ஃபைலைத் திறந்து, அந்த ஸ்ட்ரீமுக்கு (ஃபைலைப் படிக்கும் பாதைக்கு) 'கணக்கு' என்று ஏலியாஸ், அதாவது மாற்றுப்பெயர், கொடுத்துவிட்டு, ரீட்(கணக்கு, கடன்(முருகன், _தொகை)) என்று கேட்டிருக்கிறார்.

இங்கே அவர் மனதில் இருப்பது என்ன? கடன் என்ற உண்மைகள் நிரலுக்குள் இருந்தால் புரோலாக் ராணியைப் பார்க்கும், பொருந்தாது, அடுத்ததற்குப் போகும், முருகன் கிடைப்பார். ரீட்டும் அப்படித்தான் தேடும் என்று நினைத்துவிட்டார். ரீட் தேடாது. ஸ்ட்ரீமில் அடுத்து இருக்கும் ஒரே ஒரு டெர்மை, அதாவது புள்ளியில் முடியும் ஒரு கூற்றை, எடுக்கும். எடுத்த பிறகுதான் நீங்கள் கொடுத்த வடிவத்தோடு பொருத்திப் பார்க்கும். முதலில் வந்தது ராணி. பொருந்தவில்லை, ஃபால்ஸ். ஆனால் ராணியின் வரி போனது போனதுதான், ஸ்ட்ரீம் ஓர் அடி நகர்ந்துவிட்டது. இரண்டாம் முறை கேட்கும்போது முன்னால் நிற்பது முருகன், அதனால் 250 வருகிறது. மூன்றாம் முறை கேட்டுப் பாருங்கள், மறுபடி ஃபால்ஸ்தான்.

பேக்டிராக்கிங், அதாவது பொருந்தாதபோது பின்வாங்கி அடுத்த வழியைத் தேடுவது, மாறிகளின் மதிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஃபைலில் நகர்ந்த இடத்தைப் பின்னுக்கு இழுக்காது. ரீட்டுக்கு ஒரு விடைதான், பின்வாங்கி வந்தாலும் இன்னொன்று தராது. எழுதுவதும் அப்படியே. எழுதிவிட்டு அடுத்த கோல் (அடுத்து நிறைவேற்றச் சொன்ன வேலை) தோற்றால், எழுதிய வரி ஃபைலில் இருக்கத்தான் செய்யும்.

"பின்வாங்கும்போதெல்லாம் மறுபடி முயலவைக்கும் ரிப்பீட் போட்டால் சரியாகிவிடுமே" என்று சிலர் சொல்வார்கள். ஆகும், முருகன் ஃபைலில் இருக்கும்வரை. இல்லாத பெயரைத் தேடினால்? ஃபைல் முடிந்ததும் ரீட் எண்ட்-ஆஃப்-ஃபைல் என்ற அடையாளச் சொல்லைத் தரும், அது பொருந்தாது, ரிப்பீட் மறுபடி படிக்கச் சொல்லும், மறுபடி அதே சொல். கணினியின் ஃபேன் சுற்றுவதுதான் மிச்சம். எனவே ரீட்டுக்கு எப்போதும் வெறும் மாறியைக் கொடுங்கள். வந்தது எண்ட்-ஆஃப்-ஃபைலா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் லிஸ்டில் சேர்த்துவிட்டு ரிகர்ஷனில், அதாவது விதி தன்னையே மறுபடி அழைத்து, அடுத்ததற்குப் போங்கள். மொத்தமும் லிஸ்டாக வந்துவிட்டால் லிஸ்டில் தேடும் மெம்பர் போட்டு முன்னும் பின்னும் எப்படி வேண்டுமானாலும் தேடலாம். ஃபைலைத் தொடும் வேலை ஒரு மூலையில், தர்க்கம் இன்னொரு மூலையில். நான் எப்போதும் இப்படித்தான் பிரித்து வைப்பேன்.

உண்மையைச் சொன்னால், இந்த நேயருக்கு ரீட்டே தேவையில்லை. ஃபைலில் இருப்பவை எல்லாம் உண்மைகள்தானே, கன்சல்ட் செய்தால் போதும், நேராக டேட்டாபேஸில் ஏறிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஃபைலில் டைரக்டிவ் (ஏற்றும்போதே ஓட வேண்டிய கட்டளை) ஏதாவது இருந்தால் கன்சல்ட் அதை ஓட்டிவிடும். முகம் தெரியாதவர் அனுப்பிய ஃபைலை அப்படி ஏற்றாதீர்கள்.

இப்போது இரண்டாவது பிரச்சினை. அவர் ரைட் என்பதை வைத்து எழுதியிருக்கிறார். பெயர் 'முருகன் ஸ்டோர்', நடுவில் இடைவெளி, அதனால் ஒற்றை மேற்கோளுக்குள் இருந்தது. ரைட் மனிதர் பார்ப்பதற்காக எழுதுவது, மேற்கோளைக் கழற்றிவிடும். ஃபைலில் விழுந்தது கடன்(முருகன் ஸ்டோர்,250), அதுவும் முற்றுப்புள்ளி இல்லாமல். ரீட் அதைப் பார்த்ததும் சின்டாக்ஸ் எரர். எரர் வந்ததே, அது அதிர்ஷ்டம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயராக இருந்து, புள்ளியையும் அவரே வைத்திருந்தால், மேற்கோள் போனதும் அது மாறியாகிவிடும். சத்தமே இல்லாமல் படித்துவிடும், அப்புறம் யார் பெயரைக் கேட்டாலும் அந்த 250 ரூபாய் அவர் தலையில் விழும்! தமிழ்ப் பெயர்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

ஆகவே திரும்பப் படிக்க வேண்டியதை மேற்கோளைக் கழற்றாத ரைட்-கியூ வைத்து எழுதுங்கள், அதன் பின்னால் ஒரு புள்ளி, ஒரு புதுவரி. பழைய கணக்கோடு சேர்க்க வேண்டுமென்றால் ஃபைலைத் திறக்கும் ஓப்பனில் அப்பெண்ட் மோட் கொடுங்கள். ரைட் மோட் கொடுத்தால் இருந்ததெல்லாம் திறந்த நொடியே காலி. தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாகவோ கேள்விக்குறியாகவோ வந்தால், ஓப்பனின் நான்காவது இடத்தில் என்கோடிங் யூ.டி.எஃப்.-8 என்று சொல்லிவிடுங்கள்.

பழைய புத்தகங்களில் சீ, சீன், டெல், டோல்ட் என்ற கட்டளைகளைப் பார்த்திருப்பீர்கள். சீ படிக்கத் திறக்கும், சீன் மூடும்; டெல் எழுதத் திறக்கும், டோல்ட் மூடும். எடின்பரோ புரோலாக் காலத்து வழி அது. 1995இல் வந்த ஐ.எஸ்.ஓ. தரம் ஓப்பன், குளோஸ் முறையைத் தரமாக்கியது. டெல்லில் நானே மாட்டியிருக்கிறேன். டோல்ட் போட மறந்துவிட்டு, திரையில் ஒன்றும் வரவில்லையே என்று அரைமணி நேரம் தேடினேன். விடைகள் எல்லாம் சமர்த்தாக ஃபைலுக்குள் போய் உட்கார்ந்திருந்தன. ஓப்பனிலும் குளோஸ் மறக்கும், நடுவில் கோல் தோற்றால் அந்த வரிக்கே போகாது. அதற்கு செட்டப்-கால்-கிளீனப் இருக்கிறது: திறப்பது, வேலை, மூடுவது என்று மூன்றையும் அதனிடம் கொடுத்துவிட்டால், வேலை தோற்றாலும் எரர் அடித்தாலும் மூடிவிடும்.

கடைசியாக, ஃபைலில் புரோலாக் டெர்ம் இல்லாமல் சாதாரண உரை இருந்தால் ரீட் சரிப்படாது. எஸ்.டபிள்யூ.ஐ.யில் ஃபிரேஸ்-ஃப்ரம்-ஃபைல் என்று ஒன்று உண்டு. ஃபைலை எழுத்துகளின் லிஸ்டாக, தேவைப்படத் தேவைப்பட நீட்டிக்கொண்டே போகும், நீங்கள் டி.சி.ஜி. எனப்படும் புரோலாக்கின் இலக்கண விதிகளை எழுதி அதன்மேல் ஓட்டலாம். படித்த எழுத்துகள் லிஸ்டில் இருப்பதால் இங்கே பேக்டிராக்கிங் உண்மையிலேயே பின்னால் போகும். நேயர் ரீட்டிடம் எதிர்பார்த்தது இதைத்தான்.

ஆங், ஒன்று விட்டுப்போனது. அவர் அனுப்பியதில் செல்வியின் வரிக்குப் பிறகு கையால் ஒரு வரி சேர்த்து, புள்ளி வைக்காமல் விட்டிருந்தார். அதை நான் எடுத்துவிட்டுத்தான் இங்கே காட்டினேன். அந்த வரியில் புள்ளியை வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.