வைரம் ஏன் கரியா மாறாம இருக்கு?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். கார்பன்லயே ரொம்ப ஸ்டேபிளான, அதாவது தானா வேற வடிவமா மாற வேண்டிய தேவையே இல்லாத வடிவம் எதுன்னு பிளஸ் டூ பசங்ககிட்ட கேட்டா முக்காவாசி பேரு வைரம்னுதான் சொல்லுவாங்க. அது தப்பு. நாம உக்காந்திருக்குற இந்த ரூம்ல, இந்த காத்தழுத்தத்துல, ஸ்டேபிளான கார்பன் கிராஃபைட்தான், அதாவது பென்சிலுக்குள்ள இருக்குற கருப்புச் சமாச்சாரம். வைரம் முறையா பாத்தா கிராஃபைட்டா மாறியிருக்கணும். மாறல. ஏன் மாறலங்கறதுதான் இன்னைக்கு நான் பேச வந்தது.

முதல்ல பாண்டு, அதாவது அணுவுக்கும் அணுவுக்கும் நடுவுல இருக்குற பிணைப்பு, அந்தக் கணக்கைப் பாத்துடுவோம். வைரத்துல ஒவ்வொரு கார்பனும் நாலு பக்கமும் நாலு கார்பனோட கை கோத்திருக்கும், எல்லா பாண்டும் ஒரே நீளம், 154 பைகோமீட்டர் (ஒரு மீட்டர்ல லட்சம் கோடியில ஒரு பங்குதான் ஒரு பைகோமீட்டர்). கிராஃபைட்ல மூணே மூணு கைதான், எல்லாம் ஒரே தளத்துல, அறுகோணம் அறுகோணமா. நாலாவது எலக்ட்ரான் யாருக்கும் சொந்தமில்லாம அந்தத் தளம் முழுக்க சுத்திட்டு இருக்கும், கிராஃபைட்ல கரண்ட் பாயுறது அதனாலதான். அந்த எலக்ட்ரானும் சேர்ந்து இழுக்கறதால பாண்டு நீளம் 142ஆ சுருங்கிடுது, அதாவது தனித்தனியா எடுத்துப் பாத்தா கிராஃபைட்டோட பாண்டு வைரத்தோடதைவிட ஸ்ட்ராங்கு. இதை சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, ஏன்னா பென்சில் பேப்பர்ல தேயுது, வைரம் கண்ணாடியை அறுக்குது. தேயறது அந்த பாண்டு இல்லைங்க, ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் நடுவுல 335 பைகோமீட்டர் இடைவெளி இருக்கு, அங்க இருக்குற பிடிப்பு ரொம்ப லேசு, தளம் தளமா வழுக்கிட்டு வருது, அவ்வளவுதான்.

சரி, ஆற்றல் கணக்குல ரெண்டுல எது மேல எது கீழன்னு எப்படி அளக்கறது? எரிச்சுப் பாக்கணும். 12 கிராம் கிராஃபைட்டை எரிச்சா 393.5 கிலோ ஜூல் வெப்பம் வருது, அதே 12 கிராம் வைரத்தை எரிச்சா 395.4. வித்தியாசம் 1.9 தான், ஆனா அந்தக் கொஞ்சம் வைரத்துகிட்ட கூடுதலா இருக்கு, அப்போ அதுதான் மேல நிக்குது, கீழ இறங்க வேண்டியதும் அதுதான்.

வைரத்தை எரிக்கிறதான்னு சில பேரு பதறுவீங்க. 1772ல பாரிஸ்ல லவாய்சியேங்கற வேதியியல் விஞ்ஞானி பெரிய லென்ஸ் வெச்சு சூரிய வெளிச்சத்துலயே எரிச்சாரு, அப்போ நகை வியாபாரிங்க சில பேரு கரித்தூளுக்குள்ள பொதிச்சு காத்து போகாம மூடி சூடு பண்ணினா வைரத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு வாதாடினாங்க, அவங்க சொன்னதும் சரிதான், காத்து இல்லாம எரியாது இல்லையா. 1797ல ஸ்மித்சன் டெனன்ட்ங்கற இங்கிலாந்து விஞ்ஞானி ஒரு படி மேல போய், எவ்வளவு எடை வைரம் எரிக்கிறோமோ அதே எடை கரி குடுக்குற அளவுக்குத்தான் கார்பன் டை ஆக்சைடு கேஸ் வருது, ரெண்டும் ஒரே சரக்குன்னு காட்டிட்டாரு. இன்னைக்கும் வைரம் பதிச்ச நகையை பொடி வெச்சு ஊதி ஒட்டுறதுக்கு முன்னாடி போரிக் பவுடரை ஸ்பிரிட்ல கரைச்சு கல்லு மேல பூசுற வழக்கம் இருக்கு, 700, 800 டிகிரியில காத்து பட்டா கல்லோட மேல்பக்கம் எரிஞ்சு மங்கிடும்.

இப்போ விஷயத்துக்கு வரேன். மொட்டை மாடி டேங்க்ல தண்ணி நிக்குது, அதுக்கு கீழ இறங்கத்தான் இஷ்டம், ஆனா சுவர் இருக்கறதால அங்கயே கிடக்குது. வைரத்தோட நிலைமை அதேதான். நாலு பாண்டை மூணா மாத்தணும்னா முதல்ல இருக்கறதை உடைக்கணும், அதுக்கு நூத்துக்கணக்கான கிலோ ஜூல் வேணும், கடைசியில கிடைக்கப்போறது வெறும் 1.9. ரூம் வெப்பத்துல அந்தச் சுவரைத் தாண்ட அணுவுக்கு வழியே இல்ல. காத்து இல்லாம 1700 டிகிரியைத் தாண்டி சூடாக்கினா தாண்டிடும், வைரம் கண்ணு முன்னாடியே கருத்துப் போகும்.

இது நிஜமாவே நடந்த இடம் ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். வடக்கு மொராக்கோவுல பெனி பூசெரான்னு ஒரு மலைப்பகுதி. அங்க பாறைக்குள்ள எட்டு முகம் கொண்ட படிகங்கள் கிடைக்குது, பாத்தா அச்சு அசல் வைரத்தோட வடிவம், ஆனா உள்ள முழுக்க கிராஃபைட். 150 கிலோமீட்டருக்கும் அடியில, அழுத்தம் பயங்கரமா இருக்கற இடத்துல வைரம்தான் ஸ்டேபிள், ஏன்னா அதோட அடர்த்தி 3.5, கிராஃபைட்டுக்கு 2.2 சொச்சம், நெருக்கினா அடர்த்தியானதுதான் ஜெயிக்கும். அப்படி வைரமா பொறந்தது, அந்தப் பாறை மெதுவா, சூடு ஆறாம மேல வந்ததால வழியிலயே கிராஃபைட்டா மாறிடுச்சு. தென்னாப்பிரிக்கா கிம்பர்லி வைரம் தப்பிச்சது எப்படின்னா எரிமலைக் குழாய் வழியா சர்ருன்னு மேல வந்து ஆறிடுச்சு, சில மணி நேரம் இல்லேன்னா சில நாள்லன்னு கணக்கு போடுறாங்க.

சூடு மட்டும் இல்ல, இரும்பும் அந்தச் சுவரை உடைக்கும். கோயம்புத்தூர் பக்கம் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கவங்களுக்கு இது தெரியும், அலுமினியத்தை வைர டூல் போட்டு கடையலாம், ஸ்டீலுக்குப் போட்டா டூல் காலி. உரசுற சூட்டுல இரும்பு கார்பனை கரைச்சுக்கும். அதனாலதான் ஸ்டீலுக்கு போரான் நைட்ரைடு டூல் போடுறாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, இதே குணத்தைத்தான் 1954 டிசம்பர்ல அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில ட்ரேசி ஹால் டீம் தலைகீழா பயன்படுத்திக்கிச்சு, உருகின உலோகத்துல கார்பனை கரைய விட்டு நம்ம காத்தழுத்தத்தைப் போல 50,000 மடங்குக்கு மேல நெருக்கினா அது வைரமா வெளிய வரும்.

சி60, அதாவது 60 கார்பன் அணு சேர்ந்து பந்து மாதிரி கூடு கட்டின இன்னொரு கார்பன் வடிவம், அது பத்தி ஒரு வார்த்தை. 1985ல அமெரிக்காவுல ரைஸ் யுனிவர்சிட்டியில க்ரோட்டோ, ஸ்மாலி, கர்ல் கண்டுபிடிச்ச அந்தப் பந்து, 12 ஐங்கோணம், 20 அறுகோணம். அதை ரொம்ப ஸ்டேபிள்னு பல இடத்துல எழுதறாங்க, எதைவிடன்னு மட்டும் எழுத மாட்டாங்க. ரெண்டு ஐங்கோணம் ஒட்டாம இருக்கக்கூடிய கார்பன் கூடுகள்ல சின்னது அதுதான், அதனால பக்கத்து சைஸ் கூடுகளைவிட ஸ்டேபிள், அந்த அளவுக்கு சரி. ஆனா தளமா இருக்க வேண்டிய பாண்டை வளைச்சு வெச்சிருக்கறதால 12 கிராம் கார்பனுக்கு கிராஃபைட்டைவிட சுமார் 40 கிலோ ஜூல் மேல நிக்குது, வைரத்தோட 1.9 எங்க, இந்த 40 எங்க. அப்பவும் டொலுயீன்ங்கற திரவத்துல கரைச்சு வெச்சா ஊதா கலர்ல பாட்டிலுக்குள்ள சும்மா இருக்கு.

இப்போ சூரத்துல, மத்த இடத்துல லேப் வைரம் வளர்க்கறாங்களே, அதுல ஒரு முறையில நெருக்கறதே கிடையாது, காத்தழுத்தத்தைவிட ரொம்பக் குறைஞ்ச அழுத்தம்தான், மீத்தேனும் ஹைட்ரஜனும் மைக்ரோவேவ்ல பிளாஸ்மாவா, அதாவது மின்னேற்றம் ஆன சூடான வாயுவா ஆகுது. கணக்குப்படி அங்க கிராஃபைட்தான் உக்காரணும், அதுவும் உக்காரத்தான் பாக்குது, ஆனா ஹைட்ரஜன் அணு கிராஃபைட்டை உடனே தின்னுடும், வைரத்தை அவ்வளவா தொடாது, மிஞ்சறது வைரம். இந்த லேப் வைர ஆராய்ச்சிக்குத்தான் 2023 பட்ஜெட்டுக்கு அப்புறம் ஐஐடி மெட்ராஸ்ல ஒரு சென்டருக்கு அஞ்சு வருஷத்துக்கு சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க.

கடையில யாராவது லேப் வைரம் நாளாக நாளாக கரியாயிடும்னு பயமுறுத்தினா, அந்தப் பயம் கோகினூருக்கும் சேத்துதானேன்னு கேளுங்க. ரெண்டுலயும் அதே நாலு பாண்டு, அதே 154, அதே சுவர். நன்றி, வணக்கம்.