சதுப்பு நிலத்து ஓவியர்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஐந்தே ஆண்டுகள் உயிரோடு இருந்த ஓர் ஓவியர் சங்கத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். 1894-இல் தொடங்கியது, 1899-இல் உடைந்தது. ஜெர்மனியின் வடக்கே, ப்ரேமன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள வோர்ப்ஸ்வேடே என்ற கிராமம்தான் அதன் ஊர்.

அந்த நிலத்தைச் சொல்லாமல் இந்த ஓவியர்களைச் சொல்ல முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரம் சதுப்பு. 'டாய்ஃபல்ஸ்மோர்' என்று பெயர். கேட்டால் பிசாசின் சதுப்பு என்று தோன்றும். ஒன்றும் விளையாத நிலம் என்ற பழஞ்சொல்தான் அப்படித் திரிந்தது என்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, ஏழைக் குடும்பங்களை அங்கே குடியேற்றினார்கள். அந்தப் பக்கத்துச் சொலவடை ஒன்று உண்டு: "முதல் ஆளுக்குச் சாவு, இரண்டாம் ஆளுக்கு வறுமை, மூன்றாம் ஆளுக்குத்தான் ரொட்டி." சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, காயவைத்து, கறுத்த பாய் கட்டிய படகுகளில் ஏற்றிப்போய் ப்ரேமனில் அடுப்பெரிக்க விற்பார்கள். அதுதான் பிழைப்பு.

ட்யூஸல்டோர்ஃப் கலைக்கல்லூரி மாணவர் ஃபிரிட்ஸ் மாக்கென்சன், 1884-இல் தெரிந்தவர் வீட்டு விருந்தாளியாக இந்த ஊருக்கு வந்தார். அகன்ற வானம், கறுத்த நீர், பிர்ச் மரங்களின் வெள்ளைத் தண்டுகள். ஆளை அப்படியே பிடித்துக்கொண்டது. 1889 கோடையில் ஓட்டோ மோடர்ஸோன், ஹான்ஸ் ஆம் என்டே ஆகியோரோடு மறுபடி வந்தவர், இங்கேயே தங்கிவிடலாம் என்று நண்பர்களோடு முடிவெடுத்தார். ஃபிரிட்ஸ் ஓவர்பெக், கார்ல் வின்னன், ஹைன்ரிஷ் ஃபோகெலர் பிறகு சேர்ந்தார்கள். சங்கம் பிறந்தது.

1895-இல் ப்ரேமனில் கண்காட்சி வைத்தார்கள். சொந்த ஊர்க்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. அதே ஆண்டு ம்யூனிக்கின் கண்ணாடி மாளிகையில் அதே ஓவியர்களுக்குப் பெரும் வரவேற்பு. திறந்தவெளியில் கிராமத்தார் வழிபடும் காட்சியை வரைந்த மாக்கென்சனுக்குத் தங்கப் பதக்கம். மோடர்ஸோனின் புயல் ஓவியத்தை ம்யூனிக் அருங்காட்சியகம் வாங்கியது. பெயர் தெரியாத ஊர் ஒரே ஆண்டில் ஜெர்மனி முழுக்கப் பேசப்பட்டது.

சரி, அப்புறம் ஏன் உடைந்தது? சங்கம் என்ற கட்டு ஓவியனின் சுதந்திரத்தை நெருக்குகிறது என்று மோடர்ஸோனுக்குத் தோன்றியது. அவர் விலகினார், ஓவர்பெக்கும் ஃபோகெலரும் விலகினார்கள். அதோடு முடிந்தது.

பின்னாளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் போனார்கள். ஆம் என்டே முதல் உலகப்போரில் காயம்பட்டு 1918-இல் இறந்தார். ஃபோகெலர் அதே ஆண்டு, போரை நிறுத்தச் சொல்லி ஜெர்மானியப் பேரரசர் கைசருக்கே கடிதம் எழுதினார். மனநல விடுதியில் அடைத்தார்கள். பிற்பாடு சோவியத் நாட்டுக்குப் போனவர், 1942-இல் கஜகஸ்தானில் வாடி இறந்தார். மாக்கென்சன் நாஜிகள் பக்கம் போனார். ஒரே சதுப்பைப் பார்த்து வரைந்தவர்கள்தான் எல்லோரும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

இதுவரை சொன்ன பெயர்கள் எல்லாம் ஆண்கள் பெயர்கள். அன்றைய ஜெர்மனியில் அரசுக் கலைக்கல்லூரிகளின் கதவு பெண்களுக்குப் பெரும்பாலும் மூடியே கிடந்தது. பவுலா பெக்கர் என்ற பெண் பெர்லினில் பெண் ஓவியர்கள் சங்கம் நடத்திய பள்ளியில் பயின்று, 1898-இல் மாக்கென்சனிடம் படிக்க வோர்ப்ஸ்வேடேக்கு வந்தார். மறு ஆண்டு ப்ரேமனில் அவருடைய படங்கள் தொங்கியபோது ஒரு விமர்சகர் நாளிதழில் கிழித்தெடுத்தார். 1901-இல் மோடர்ஸோனை மணந்தார். பாரிஸுக்கு நான்கு முறை போனார், பிரெஞ்சு ஓவியர் செசானின் படங்களைப் பார்த்தார். திரும்பி வந்து ஏழைகள் விடுதிக் கிழவிகளையும், குடியானவர் வீட்டுக் குழந்தைகளையும், தன்னையும் வரைந்தார். அழகுபடுத்தாமல், அழுத்தமாக வரைந்தார். கவிஞர் ரில்கே 1903-இல் வோர்ப்ஸ்வேடே ஓவியர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஐந்து ஆண்கள் அதில் உண்டு. பவுலா இல்லை. ரில்கே அவருக்கு நெருங்கிய நண்பர், ஆனாலும் இல்லை.

1907 நவம்பரில் மகள் பிறந்தாள். பதினெட்டு நாள் கழித்து, படுக்கையைவிட்டு எழுந்த அன்றே பவுலா இறந்தார். வயது 31. எழுநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் வீட்டில் கிடந்தன. விற்றவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். 1927-இல் ப்ரேமனில் அவருக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஒரு பெண் ஓவியருக்கென்றே உலகில் எழுந்த முதல் அருங்காட்சியகம் அது. இன்று வோர்ப்ஸ்வேடே என்றதும் முதலில் நினைவுக்கு வருவது, அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இல்லாத இவர் பெயர்தான்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். 1900 ஆகஸ்டில் ஒரு நாள், பவுலாவும் அவர் தோழி, சிற்பி கிளாரா வெஸ்ட்ஹோஃபும் உற்சாகத்தில் ஊர்த் தேவாலயக் கோபுரத்தில் ஏறி மணிகளை அடித்துவிட்டார்கள். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று ஊரே ஓடிவந்தது. செய்ததற்கு ஈடாக அந்தக் கோயிலை அலங்கரித்துக் கொடுத்தார்கள். கிளாரா தேவதூதர் தலைகளைச் செதுக்கினார், பவுலா பூக்களை வரைந்தார். அந்தப் பூக்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. வெளியே கல்லறைத் தோட்டத்தில் பவுலாவும் இருக்கிறார்.

நன்றி.