‘3 அந்தப் பக்கம் போனால் ஏன் வகுத்தல்?’: சந்தேகத்துக்கு விளக்கம்

ஒரு தாயார் அனுப்பிய கேள்வியை இரண்டு நாட்களாக மனத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள், 3எக்ஸ் + 5 = 20 என்ற கணக்கில், 5-ஐ ‘அந்தப் பக்கம் கொண்டுபோய்’ 3எக்ஸ் = 15 என்று சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் எக்ஸ் = 15 − 3 = 12 என்று முடித்திருக்கிறாள். “5 போனபோது கழித்தலானது, 3 போனால் மட்டும் ஏன் வகுத்தலாகிறது?” என்பது அவள் கேள்வி.

அம்மா, அவள் கேட்டது நியாயம்தான். ‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்று நாம் சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே நம்பியிருக்கிறாள். உண்மையில் எந்த எண்ணும் எந்தப் பக்கமும் போவதில்லை.

பின்னக் கணக்கின்போது காட்டிய தராசையே மறுபடியும் எடுக்கிறேன். பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இடத் தட்டில் ஒரே எடையுள்ள மூன்று சர்க்கரைப் பொட்டலங்களும் ஒரு 5 கிலோ படிக்கல்லும், வலத் தட்டில் நான்கு 5 கிலோ படிக்கற்களும் இருக்க, முள் நடுவில் நிற்கிறது. இருபுறமும் ஒவ்வொரு படிக்கல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மூன்று பொட்டலம், 15 கிலோ. இப்போது இருபுறமும் 3 கிலோவைக் கழித்தாலும் முள் அசையாதுதான். ஆனால் இடத் தட்டில் ஒற்றைப் பொட்டலம் மிஞ்சாது, ஏனென்றால் 3எக்ஸ் என்பதில் உள்ள 3 எடை அன்று, பொட்டலங்களின் எண்ணிக்கை. ஆகவே இருபுறத்தையும் 3-ஆல் வகுக்கிறோம். ஒரு பொட்டலம் 5 கிலோ. சமன்பாட்டில் 12-ஐப் போட்டுப் பார்த்திருந்தால் 41 வந்து, பிழையை அவளே கண்டிருப்பாள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பெரிய கவலை அதுதான். பிள்ளைகள் பலர் இதே கணக்கை 20 − 5 = 15 ÷ 3 = 5 என்று ஒரே வரியில் எழுதுகிறார்கள். விடை சரி, எழுதியது பொய். நானும் அப்படி எழுதியவன்தான், “20 ரூபாயில் 5 ரூபாய் செலவழித்தால் உன்னிடம் மிச்சம் 5 ரூபாய்தானா?” என்று ஆசிரியர் கேட்ட பிறகே நிறுத்தினேன். 1557-இல் சமக்குறியை அச்சில் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்டு, இரு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்றுதான் அந்தக் குறியைத் தேர்ந்தார். நம் பிள்ளைகளோ அதை ‘விடை இதோ’ என்னும் அம்புக்குறியாக்கிவிட்டார்கள்.

மகளிடம் எக்ஸ்/4 + 2 = 5 என்ற கணக்கைக் கொடுத்து, ஒவ்வொரு படியையும் தனி வரியில், சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்படி எழுதச் சொல்லுங்கள்; இருபுறமும் என்ன செய்தாள் என்பதையும் ஓரத்தில் குறிக்கட்டும். இந்த முறை 12 வந்தால் அடித்துவிடாதீர்கள், அது சரியான விடைதான்.