அருங்காட்சியகத்துக்கு ஊரை வரவழைப்பது எப்படி?

அவையோருக்கு வணக்கம்.

புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. திருக்கோகர்ணத்தில் இருக்கும் இந்த அருங்காட்சியகத்தைச் சமஸ்தானம் 1910இல் தொடங்கியது. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானமே இந்தியாவோடு இணைந்துவிட்டது. ஆனால் சமஸ்தான காலத்துப் பத்திரங்களும் புகைப்படங்களும் அம்மன் காசுகளும் வீடுகளை விட்டு எங்கும் போகவில்லை. டிரங்குப் பெட்டியிலும் பரணிலும் கிடக்கின்றன. அவற்றை வெளியே கொண்டுவராத விழா, எத்தனை நாற்காலி போட்டாலும் பொன்னாடையோடு முடிந்துவிடும்.

முதலில் தேதி. உலக அருங்காட்சியக நாள் மே 18. அக்னி நட்சத்திரம், பள்ளி விடுமுறை, பாதி ஊர் வெளியூரில். உலகப் பாரம்பரிய வாரம் நவம்பர் 19 முதல் 25 வரை; அது வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த நாட்களில் பெயருக்கு ஒரு கண்காட்சி வையுங்கள், போதும். மக்கள் பொருளோடு வரவேண்டிய நிகழ்ச்சியைப் பொங்கல் முடிந்து, தேர்வுக் காய்ச்சல் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை என்பதை மறந்து துண்டறிக்கை அச்சடிப்பவர்களும் உண்டு.

‘வீட்டு ஆவண நாள்’ என்று ஒன்று நடத்தலாம். குடும்பம் பொருளைக் கொண்டுவரும். நாம் படியெடுத்துக்கொண்டு அன்றைக்கே, அவர்கள் கண் முன்னாலேயே திருப்பித் தருவோம். ‘வைத்துவிட்டுப் போங்கள், அப்புறம் தருகிறோம்’ என்ற சொல் ஒருமுறை காதில் விழுந்தால் அடுத்த ஆண்டு ஒருவரும் வரமாட்டார்கள்.

இரண்டு மேசை, இரண்டு ஸ்கேனர். ஒவ்வொரு மேசையிலும் இருவர்: ஒருவர் படியெடுக்க, ஒருவர் விவரம் எழுத. ஒரு குடும்பத்துக்குக் கால் மணி நேரம் என்று வைத்தால் ஒரு மேசைக்கு மணிக்கு நான்கு குடும்பம். ஐந்து மணி நேரத்தில் இரண்டு மேசைக்கும் சேர்த்து நாற்பது. ஆகவே நாற்பது டோக்கனுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஸ்கேனர் தாமதப்படுத்தாது, பேச்சுதான் தாமதப்படுத்தும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊரில் எடுத்தது, யார் வழியாக வந்தது என்று கேட்கும்போது பாட்டி ஒருவர் வாய் திறந்தால் அதை நிறுத்தவும் கூடாது. அப்படிப்பட்டவரை அழைத்துப்போய் உட்காரவைத்து ஒலிப்பதிவு செய்ய, மூன்றாவதாக ஒரு மேசையும் ஓர் ஆளும் தனியாக வேண்டும்.

ஸ்கேன் செய்யும்போது புகைப்படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), எழுத்துத் தாளுக்கு 300 போதும். மூலக்கோப்பைத் தரம் குறையாத டிஃப் வடிவில் வைத்து, குடும்பத்துக்கு அளவில் சிறிய ஜேபெக் கோப்பைக் கொடுங்கள். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே கூடாது. ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியில் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கண்ணாடிக்கு மேலேயே கேமராவில் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில் மட்டும். கிழிந்த பத்திரத்துக்குச் செல்லோடேப் ஒட்ட யாராவது வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். டேப் உதிர்ந்தாலும் பசையின் பழுப்புக் கறை போகாது. ஓலைச்சுவடி வந்தால் படம் மட்டும் எடுங்கள். எண்ணெய் பூசுவது, கயிறு மாற்றுவது எல்லாம் சுவடிப் பாதுகாப்பு தெரிந்தவர் வேலை.

அறிவிப்பிலேயே ஒரு வரி பெரிதாக இருக்க வேண்டும்: ‘காசுகளைக் கழுவாமல் கொண்டுவாருங்கள்.’ விருந்துக்குப் போவது போல நம் மக்கள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து நிற்பார்கள். அம்மன் காசு சிறிய செம்புக் காசு. ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. புளி பட்டால் செம்பின் மேல் படிந்த காப்புப் படலம் போய்விடும். நாலைந்து முறை தேய்த்தால் எழுத்தும் மழுங்கும்.

‘இது என்ன விலை போகும்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். விலை சொல்லவே கூடாது. சொன்ன மறுநாள் அது வியாபாரி கையில் இருக்கும். நூறு ஆண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். மதிப்புள்ள சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். மண்ணுக்குள் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய்! இன்று அதில் ஒரு டீ கிடைப்பதே சந்தேகம். இதை மிரட்டலாகச் சொல்லாமல், வாசலில் ஒரு பலகையாக எழுதி வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு மைப்படிப் பயிற்சி, அதாவது கல்வெட்டின் எழுத்தை மையால் தாளில் படியெடுக்கும் பயிற்சி. அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலக்கல்லில் இதைச் செய்யக் கூடாது. மை கசிந்தால் கல்லில் நிற்கும். கல்தச்சரிடம் சொல்லி, மூன்று வரிகளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் வெட்டிய பயிற்சிக் கற்கள் செய்துகொள்ளுங்கள். கல்லுக்கு ஐந்து பேர், அதற்கு மேல் வேண்டாம்.

கல்லைத் தண்ணீர் விட்டு நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். கம்பி பிரஷ் ஆகாது. மேப்லித்தோ என்ற அச்சுத் தாளை நனைத்துக் கல்மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரஷால் தட்டிக்கொண்டே போனால் காற்று வெளியேறித் தாள் எழுத்துக் குழிக்குள் இறங்கும். தாளின் மினுமினுப்பு அடங்கிய பிறகுதான் மை. ஈரம் மிஞ்சியிருந்தால் மை பரவி எழுத்தை மூடும். அதிகம் காய்ந்தால் ஓரம் கிளம்பித் தாள் நகர்ந்துவிடும். ஆகவே நேர் வெயிலிலும் மின்விசிறிக் காற்றிலும் வைக்காதீர்கள். துணிப் பந்தில் மையைத் தொட்டு, வேறொரு பலகையில் ஒருமுறை ஒற்றிவிட்டுத் தாளில் லேசாக ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் தெரியும். பிள்ளைகள் அழுத்தித் தேய்ப்பார்கள். அப்போது குழிக்குள்ளும் மை போய் எல்லாம் ஒரே கறுப்பு. எடுத்த படியை வாசிக்க ஓர் எழுத்து அட்டவணை கொடுங்கள். பழைய கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது என்று முன்பே சொல்லிவிட்டால் பிள்ளைகளே கூட்டிப் படித்துவிடுவார்கள்.

ஆவண நாளில் சேர்ந்த படங்களை ஒரு மாதத்துக்குள் குடும்பங்களுக்கு அனுப்பிவிடுங்கள். யாரென்று தெரியாத குழுப்படங்களை, அந்தக் குடும்பத்தின் எழுத்துச் சம்மதத்தோடு, ஏ3 தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டுங்கள். பக்கத்தில் அதே படத்தின் கோட்டுருவம், தலைக்குத் தலை எண், கயிற்றில் கட்டிய ஒரு பென்சில். பார்க்க வருகிறவர்கள் பெயர் எழுதுவார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால்தான் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதுவரை பென்சில் எழுத்தாகவே இருக்கட்டும்.