மண்டபம் முகாமிலிருந்து ஒரு விண்ணப்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

புலம்பெயர்வு பற்றியும் புலம்பெயர்ந்த சமூகங்கள் பற்றியும் வெளிநாட்டில் முதுகலை படிக்க விண்ணப்பிப்பது எப்படி என்று பேச வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று விண்ணப்பத்தோடு எழுதி அனுப்பும், மாணவர்கள் எஸ்.ஓ.பி. என்று சொல்லும் நோக்க உரையை, அவர்கள் அனுப்புவதற்கு முன்பு படித்துப் பார்ப்பது ஆண்டுதோறும் என் தலையில் விழும் வேலை. அந்த உரைகளில் பெரும்பாலானவை ஒரு சங்கப் பாடலடியோடு தொடங்கும். எந்த அடி என்று நான் சொல்லத் தேவையில்லை. எல்லா ஊரையும் தன் ஊர் என்ற புலவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் லண்டனில் உட்கார்ந்து விண்ணப்பக் கட்டைப் புரட்டுகிறவருக்கு அந்த அடி உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அடுத்த பத்தியில் தாத்தா வருவார். பர்மாவிலிருந்து நடந்தே வந்த தாத்தா, இலங்கை ஹட்டனில் தேயிலைக் கொழுந்து பறித்த பாட்டி, பினாங்கில் கடை வைத்திருந்த பெரியப்பா. பிறகு கண்ணீர். அதற்குப் பிறகு, 'ஆகவே எனக்கு இந்தப் படிப்பில் இடம் தர வேண்டுகிறேன்.'

தாத்தா தாராளமாக வரட்டும். ஆனால் அந்தத் துயரத்தை வைத்து இடம் கேட்காதீர்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் எல்லா நாடுகளிலிருந்தும் இப்படிப்பட்ட கதைகளைப் படிக்கிறவர்கள். சிரியாவிலிருந்து வரும் விண்ணப்பமும் தெற்கு சூடானிலிருந்து வரும் விண்ணப்பமும் அதே மேசையில்தான் இருக்கின்றன. துயரத்தில் யார் பெரியவர் என்று அவர்கள் போட்டி நடத்துவதில்லை. இவரிடம் ஒரு கேள்வி இருக்கிறதா, அந்தக் கேள்விக்கு ஓராண்டுக்குள் ஏதாவது விடை தேட வழி இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்து மாணவி ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி இலங்கை மலையகத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். 'இடப்பெயர்வின் வலியைச் சிறு வயது முதல் கண்டு வளர்ந்தேன்' என்று மாணவி எழுதலாம். எழுதினால் குற்றமில்லை, பயனும் இல்லை. அதே மாணவி தன் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போகும் தொலைவில் உள்ள மண்டபத்தைப் பற்றி எழுதினால் என்ன ஆகும்?

மண்டபம் முகாம் சாதாரண இடமன்று. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள் இந்த வழியாகத்தான் போனார்கள். கங்காணி ஊரில் ஆள் சேர்ப்பார். திருச்சியில் அலுவலகம் வைத்திருந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையம் மேற்பார்வை செய்யும். மண்டபத்தில் அவர்களை இறக்கி, சில நாள் தனிமைப்படுத்தி, காலரா இருக்கிறதா அம்மை இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்து, துணிமணிகளைக் கிருமி நீக்கி, அதன் பிறகே கப்பலுக்கு அனுப்புவார்கள். கவனியுங்கள்: இந்திய மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. ஒரு நாட்டின் எல்லை அடுத்த நாட்டின் கரையிலேயே தொடங்கிவிட்டது. இன்றைக்கு ஐரோப்பிய நாடுகள் தங்கள் எல்லைக் காவலை வட ஆப்பிரிக்கா வரை தள்ளிக்கொண்டு போவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதன் பழைய வடிவம் ஒன்று ராமேசுவரம் போகும் பாதையில் நூறாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

கதை அங்கே நிற்கவில்லை. 1939-இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் போவதைத் தடை செய்தது. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த நாடற்றவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இப்படி அனுப்பப்பட்டவர்கள் 'இராமானுஜம்' கப்பலில் ராமேசுவரத்தில் இறங்கியதும் எங்கே கொண்டுபோகப்பட்டார்கள்? அதே மண்டபத்துக்கு. அங்கிருந்து நீலகிரிக்கும் மற்ற ஊர்களுக்கும் பிரிந்து போனார்கள். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகில் வந்தவர்களுக்கும் அதே மண்டபம்தான். 2022-இல் பொருளாதார நெருக்கடியால் வந்து கரையேறிய குடும்பங்களையும் அங்கேதான் வைத்தார்கள். கூலியாகப் போனவர், திருப்பி அனுப்பப்பட்டவர், அகதியாக வந்தவர் என்று மூவரும் அந்த ஒரே முகாம் வழியாகத்தான் போய்வந்திருக்கிறார்கள்.

இனி அந்த மாணவியின் நோக்க உரை எப்படி இருக்கும்? ஏறக்குறைய இப்படி: 'தொழிலாளர், தாயகம் திரும்பியோர், அகதிகள் என்று மூன்று வகையினரை ஒரு நூற்றாண்டுக் காலம் கையாண்ட மண்டபம் முகாமில், பதிவு செய்யும் முறையும் மருத்துவச் சோதனையும் எப்படி மாறின, எவை மாறாமல் தொடர்ந்தன என்பதை ஆராய விரும்புகிறேன். என் பாட்டி 1970-களில் அந்த முகாமில் தங்கியவர். அவருடைய குடும்ப அட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது.' பாட்டி வந்துவிட்டார் பார்த்தீர்களா? இப்போது அவர் கண்ணீருக்காக வரவில்லை, சான்றாக வந்திருக்கிறார்.

இந்தத் துறையின் விவாதங்கள் உங்களுக்குத் தெரியும் என்பதையும் ஓரிடத்தில் காட்ட வேண்டும். ஐந்தாறு அறிஞர் பெயர்களை அடுக்குவதால் அது ஆகாது. 1990-களில் ஒரு பெரிய வாதம் நடந்தது. தாயகம் திரும்பும் கனவு இருந்தால்தான் ஒரு கூட்டத்தைப் புலம்பெயர் சமூகம் என்று சொல்லலாமா, அந்தக் கனவே இல்லாமலும் சொல்லலாமா என்பது அது. அந்த மாணவியின் பாட்டி பார்த்தறியாத ஓர் ஊரைத் தாயகம் என்று சொல்லி அவரை அங்கே அனுப்பினார்கள். வந்த பிறகு அவர் நினைத்து ஏங்கியது கண்டியை. இவரை அந்த வாதத்தில் எந்தப் பக்கம் வைப்பது? இந்த இரண்டு வரி போதும். நன்றாகப் படித்தவர் எழுதியது என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

சான்றுகள் எங்கே என்பதையும் சொல்லுங்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் குடியேற்றம் தொடர்பான அரசுக் கோப்புகள் இருக்கின்றன. 1920-களிலிருந்து கண்டியில் இருந்த இந்திய அரசு முகவர் ஆண்டுதோறும் அனுப்பிய அறிக்கைகள் இருக்கின்றன. உங்கள் குடும்பம் இலங்கைக்குப் போகாமல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனதா? 1860-இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போனது முதல் 1911 வரை, டர்பன் துறைமுகம் உள்ள நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள மச்சம், தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். மொரீஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் புகைப்படங்களோடு பதிவேடுகள் இருக்கின்றன. இவற்றோடு தமிழ் தெரிந்திருப்பதும் ஒரு பெரிய மூலதனம். தமிழ்வழியில் படித்தோமே என்று தயங்கும் மாணவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தோட்டத்து ஒப்பாரியையும் கங்காணியின் கணக்கையும் மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் படிக்கக்கூடியவர்கள் அந்த வகுப்பறைகளில் மிகச் சிலரே. அதை விண்ணப்பத்தில் வெட்கமில்லாமல் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முகாமில் வாழ்கிற யாரிடமாவது பேசி எழுதினால் அவர் பெயரையும் முகாம் விவரத்தையும் விண்ணப்பத்தில் போடாதீர்கள். நல்ல பல்கலைக்கழகங்கள் இதைத்தான் முதலில் கவனிக்கும்.

எங்கே விண்ணப்பிப்பது? உங்கள் கேள்வி போகிற இடத்துக்கு. லண்டனில் சோவாஸ் என்ற பல்கலைக்கழகத்தில் இந்தத் தலைப்பிலேயே ஓராண்டு முதுகலை இருக்கிறது. மானிடவியல் சாய்வு உள்ளது. ஆக்ஸ்போர்டில் இரண்டு தனித்தனிப் படிப்புகள் உண்டு: ஒன்று புலம்பெயர்வு ஆய்வு, மற்றொன்று அகதிகளையும் கட்டாய இடப்பெயர்வையும் பற்றியது, 1982-இல் தொடங்கிய அகதிகள் ஆய்வு மையத்தோடு சேர்ந்தது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, ஒரே உரையைப் பெயர் மாற்றி அனுப்புகிறவர்கள் உண்டு. அனுப்பிப் பயனில்லை. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டத்தைச் சேர்ந்த இரண்டாண்டுப் படிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் தங்கிப் படிக்கலாம். கடல் கடக்க வழி இல்லாதவர்கள் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை மறக்க வேண்டாம். இந்தியப் புலம்பெயர் சமூகங்களுக்கென்றே அங்கே 1996-இல் ஒரு மையம் தொடங்கினார்கள்.

பரிந்துரைக் கடிதம் பற்றி என் சக ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் ஒன்று சொல்கிறேன். 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பது நம் கல்லூரிகளில் ஊறிப்போன வழக்கம். மாணவர் தன்னைத் தானே புகழ்ந்து எழுதிய கடிதம் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். நோக்க உரையில் இருக்கும் அதே வாக்கியப் பிழை பேராசிரியர் கடிதத்திலும் இருக்கும். உங்களை உண்மையிலேயே தெரிந்த இளைய ஆசிரியரிடம் கேளுங்கள். கல்லூரி முதல்வரின் முத்திரை தேவையில்லை.

பணத்துக்கு வருவோம். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்குப் படிப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் ஊர் திரும்பி இரண்டாண்டு இருக்கவும் வேண்டும். புலம்பெயர்வைப் படிக்கக் கொடுக்கும் பணத்துக்கு இப்படி ஒரு நிபந்தனை! பெலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்போர்டு, சோவாஸ், ரெடிங் ஆகிய மூன்று இடங்களுக்கு உண்டு.

இந்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பற்றிச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் போன்றோருக்கானது அது. 2022-இல் அதன் விதிமுறையில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குப் பணம் இல்லை என்று சேர்த்தார்கள். இந்தியாவைப் பற்றிப் படிக்க வெளிநாடு எதற்கு என்று காரணம் சொன்னார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுடைய கொள்ளுப்பேரன்தான் இந்த உதவித்தொகைக்கு முதல் உரிமைக்காரன். தன் குடும்பம் ஊரைவிட்டு ஏன் போனது என்ற கேள்வியை மட்டும் அவன் அந்தப் பணத்தில் கேட்கக் கூடாதாம். எனக்கு இது அநீதியாகப் படுகிறது. டர்பனையோ மொரீஷியஸையோ மையமாக வைத்துத் தலைப்பை அமைத்தால் அந்த விதியில் சிக்காமல் இருக்க வாய்ப்பு உண்டு. எதற்கும் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிமுறையை வரிவரியாகப் படியுங்கள்.

இடம் கிடைத்து, பணமும் கிடைத்த பிறகு விசா. பிரிட்டன் என்றால், செலவுக்கான பணத்தைச் சொந்தமாகக் காட்டுகிறவர்களின் கணக்கில் அது 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். 2024 ஜனவரி முதல் இத்தகைய முதுகலை மாணவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளை உடன் அழைத்துப் போக முடியாது. திருமணமான மாணவிகள் இதை முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுவது நல்லது. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் காசநோய் இல்லை என்று மார்பு எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். மண்டபத்தில் கொள்ளுப்பாட்டியை மருத்துவர் முன் நிறுத்தியதுபோல, கொள்ளுப்பேத்தியையும் நிறுத்துகிறார்கள். இதை நோக்க உரையில் எழுத முடியாது, ஏனென்றால் விசா பிறகுதான் வருகிறது. ஆய்வேட்டின் முன்னுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்திலும் தமிழகத்தின் மற்ற மறுவாழ்வு முகாம்களிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். 1987 ஜூலைக்கு முன்பு இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதற்குப் பின் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்; 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவருக்கு விதி இன்னும் கடுமையானது. ஆகவே இன்றைய முகாம் இளைஞர்களில் பலரிடம் இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. இவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே, பயண ஆவணம் பற்றிப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். ஒரு வழக்கறிஞரையும் பார்க்க வேண்டும். எளிதான வழி ஒன்று இருப்பதாக நான் பொய் சொல்ல மாட்டேன்.

கடைசியாகப் பெற்றோர் கேட்கும் கேள்வி: இதைப் படித்தால் என்ன வேலை? கேரளத்தில் 1998 முதல், யார் எங்கே போனார்கள், எவ்வளவு பணம் அனுப்புகிறார்கள் என்று திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் 2018 வரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுத்து வந்தது. தமிழ்நாட்டில் 2015-இல் அப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்தபோது, அதற்குத் தலைமை தாங்கியவர் அந்த மையத்தைச் சேர்ந்தவர். இன்று அயலகத் தமிழர் நலனுக்கென்றே இங்கே ஓர் ஆணையரகம் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து உடல் வந்து சேர்வது முதல் முகாம் வீடுகள் வரை அதன் மேசைக்கு வருகின்றன. அந்த மேசைக்குப் பின்னால் இதைப் படித்தவர்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பெற்றோர்களே விசாரித்துப் பாருங்கள்.

வணக்கம்.