ஷொர்ட்கட்டை இடையில் பிடித்துவைப்பது யார்?

வணக்கம் மக்களே. ஹட்டனில் இருந்து பேசுகிறேன். மழை பிடித்துவிட்டது, தகரத்தில் விழுகிற சத்தம் மைக்கில் ஏறத்தான் செய்யும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இருக்கும்போதே பேசி முடித்துவிடுகிறேன்.

இன்றைக்கு விஷயம் கீபோர்ட். வீட்டில் பழைய விண்டோஸ் மெஷின், வகுப்பில் உபுண்டு என்ற லினக்ஸ், கொழும்பில் வேலை கிடைத்ததும் கையில் ஒரு மேக். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்த மூன்றும் மாறி மாறி வரும். மூன்றிலும் கோட் எழுதுவது அதே விஎஸ் கோட் எடிட்டரில்தான், ஆனால் ஒன்றில் விரல் பழகிய ஷொர்ட்கட் மற்றதில் வேலை செய்யாது. உடனே எடிட்டரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டோல் செய்கிறார்கள். வேண்டாம். முக்கால்வாசி நேரம் எடிட்டர் மேல் தப்பே இல்லை.

தோட்டத்துக்கு வருகிற கடிதம் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நேரே லயத்து வீட்டுக்கு வராது, தோட்ட ஒபிசுக்குப் போகும், அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரும். நீங்கள் அழுத்துகிற பட்டனும் அப்படித்தான். முதலில் ஒபரேட்டிங் சிஸ்டம் பார்க்கும், அப்புறம் டெஸ்க்டொப், அப்புறம் மொழி மாற்றுகிற மென்பொருள், சில வேளை டெர்மினல், அதாவது கட்டளைகளை அடிக்கிற ஜன்னல். இவர்களில் ஒருவர் "இது எனக்கு" என்று எடுத்துக்கொண்டால் எடிட்டருக்கு அப்படி ஒரு பட்டன் அழுத்தப்பட்டதே தெரியாது.

திரையைப் பாருங்கள். விண்டோஸில் ஷிஃப்ட், ஆல்ட், கீழ் அம்பு மூன்றையும் அழுத்துகிறேன். கர்சர் நிற்கிற வரி அப்படியே கீழே கொபி ஆகிறது. இப்போது உபுண்டு. அதே மூன்று பட்டன். வரி கொபி ஆகவில்லை, கீழ் வரியில் இரண்டாவது கர்சர் ஒன்று முளைத்திருக்கிறது, தெரிகிறதா? இதைக் கவனிக்காமல் ஓர் எழுத்து அடித்தால் அது இரண்டு வரியிலும் விழும். கோட் உடைந்த பிறகுதான் தெரியவரும்.

இது பிழை இல்லை, வேண்டுமென்றே செய்தது. விண்டோஸில் கர்சர் சேர்க்க கொன்ட்ரோல், ஆல்ட், அம்பு. லினக்ஸ் டெஸ்க்டொப்புகள் அந்தச் சேர்க்கையை வேர்க்ஸ்பேஸ் (தனித்தனித் திரைத்தளம்) மாற்றுவதற்கு எடுத்துக்கொண்டிருந்தன. அதனால் விஎஸ் கோட் லினக்ஸில் கர்சர் வேலையை ஷிஃப்ட் ஆல்ட்டுக்கு நகர்த்தியது. அங்கே இருந்த வரி கொபி, கொன்ட்ரோலும் சேர்ந்து நான்கு பட்டனாகிவிட்டது. நான்கு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தச் சொல்வது கொடுமை, அதை மட்டும் நான் மாற்றி வைத்திருக்கிறேன்.

விண்டோஸிலும் வேடிக்கை உண்டு. சில பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர்களில் கொன்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்பு அழுத்தினால் முழுத் திரையும் தலைகீழாகும். பயப்படாதீர்கள், அதையே மேல் அம்போடு அழுத்தினால் நிமிர்ந்துவிடும்.

நம்ம நாட்டில் இதைவிடப் பெரிய தொல்லை மொழி மாற்றம். ஒரே மெஷினில் ஆங்கிலம், தமிழ், சிங்களம் மூன்றும் போட்டிருப்போம். விண்டோஸில் இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் மொழி மாறும். வரியைக் கொபி செய்யப் போய், மனம் மாறி, அம்பைத் தொடாமல் கையை எடுத்தால் அடுத்த எழுத்து சிங்களத்தில் விழும். செட்டிங்ஸில் டைப்பிங், அதற்குள் மேம்பட்ட கீபோர்ட் அமைப்பு, அங்கே மொழிக்கான ஹொட் கீ என்று இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் அதே வேலையைச் செய்யும், எடிட்டரோடு மோதாது.

சரி, யார் பிடித்துவைக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விஎஸ் கோட்டில் எஃப் 1 அழுத்தி, "டொகிள் கீபோர்ட் ஷொர்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங்" என்று தேடுங்கள். கீழே ஒரு பெட்டி திறக்கும். இனி எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதில் வரிகள் ஓடும். அழுத்தியும் ஒன்றுமே ஓடவில்லை என்றால், வழியிலேயே யாரோ எடுத்துவிட்டார்கள், எடிட்டர் செட்டிங்ஸை நோண்டுவது வீண். ஓடுகிறது, ஆனால் வேறு கட்டளை நடக்கிறது என்றால், எடிட்டருக்குள்தான் பிரச்சினை. இதைப் பார்க்காமல், ஷொர்ட்கட்டுகளை எழுதிவைக்கிற கீபைண்டிங் ஃபைலில் கை வைக்கவே வேண்டாம்.

மேக் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொன்ட்ரோல் செய்கிற வேலையில் பெரும்பகுதி அங்கே கொமாண்டுக்குப் போய்விட்டது. கொன்ட்ரோல் ஏ எல்லாவற்றையும் தெரிவு செய்யாது, வரித் தொடக்கத்துக்குப் போகும். கொன்ட்ரோல் ஸ்பேஸ் அழுத்தினால் பரிந்துரைப் பட்டியலுக்குப் பதில் மொழி மாறலாம். சிலர் கொமாண்டையும் கொன்ட்ரோலையும் சிஸ்டம் செட்டிங்ஸில் இடம் மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டெர்மினலில் ஓடுகிற ப்ரோக்ராமை நிறுத்த கொன்ட்ரோல் சி தேவைப்படும்போது விரல் குழம்பிப்போகும். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிவிடுவதே மேல்.

டெர்மினலுக்குள் விம் என்ற எடிட்டரை ஓட்டுகிறவர்களுக்குக் கதை வேறு. பழைய முறையில் டெர்மினல் அனுப்புவது பட்டனை இல்லை, ஓர் எண்ணை. டேப் என்றால் 9. கொன்ட்ரோல் ஐ என்றாலும் 9. என்டரும் கொன்ட்ரோல் எம்மும் 13. ஆகவே டேப்புக்கு ஒரு வேலை, கொன்ட்ரோல் ஐக்கு வேறு வேலை கொடுத்துவிட்டு "ரெண்டும் ஒன்றாகிறதே" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். கொன்ட்ரோல் எஸ் அழுத்தித் திரை உறைந்துபோனால் மெஷின் செத்துவிடவில்லை, கொன்ட்ரோல் க்யூ அழுத்துங்கள், உயிர் வரும். விண்டோஸில் கொன்ட்ரோல் வி பெரும்பாலும் பேஸ்ட்டுக்குப் போய்விடும், சதுரமாகத் தெரிவு செய்ய விம்மில் கொன்ட்ரோல் க்யூ இருக்கிறது.

தமிழில் எழுதுகிற விம்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். விம்மில் எச், ஜே, கே, எல் நான்கும் அம்புக்குப் பதில். விம்முக்கு முன்னோடியான 'விஐ' எடிட்டரை பில் ஜோய் எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம் 3ஏ (ADM-3A) டெர்மினலில் அம்புக் குறிகள் அந்த நான்கு பட்டன்களின் மேலேயே அச்சாகியிருந்தன. 1976இல் வந்த டெர்மினல் அது, அந்தக் காலத்தில் டெர்மினல் என்றால் திரையும் கீபோர்டும் சேர்ந்த ஒரு பெட்டி. இப்போது தமிழ் கீபோர்டை ஒன் செய்துவிட்டுக் கீழே போக ஜே அழுத்துங்கள். தமிழ் எழுத்துகளைப் பட்டன்களில் அடுக்குகிற முறை பல. தமிழ் 99 என்றால் போவது ப. இன்ஸ்கிரிப்ட் என்றால் ர. பாமினி முறை என்றால் த. விம்முக்கு இந்த மூன்றில் ஒன்றும் புரியாது, கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கும். இதில் இன்னொரு சிக்கல்: வெறுமனே "தமிழ்" என்று சேர்த்தால் விண்டோஸ் இன்ஸ்கிரிப்ட்டைத் தரக்கூடும், உபுண்டுவில் இலங்கைப் பட்டியலில் தமிழ்நெட் 99 இருக்கும். ஆகவே சேர்க்கும்போதே பெயரைப் பார்த்துச் சேருங்கள்.

இதற்கு நல்ல வழி, சிஸ்டத்தின் தமிழ் கீபோர்டை விம்மில் பயன்படுத்தாமலே இருப்பது. விம்முக்குள்ளேயே 'கீமேப்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது எழுதுகிற இன்சர்ட் மோடில் எழுத்தை மாற்றும், கட்டளை கொடுக்கிற நோர்மல் மோடில் ஜே ஜேயாகவே இருக்கும். கொன்ட்ரோலோடு 6 அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். விம்மோடு வருகிற தமிழ் கீமேப் பழைய டிஸ்கி குறிமுறைக்கானது, யுனிகோடுக்கு நாமே ஒரு ஃபைல் எழுதிக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் ஆங்கில எழுத்து, வலப்பக்கம் தமிழ் எழுத்து, ஒரு வரிக்கு ஒன்று. அவ்வளவுதான் வேலை. மூன்று சிஸ்டத்திலும் அதே ஃபைல் ஓடும், அதனால்தான் எனக்கு இது பிடிக்கும்.

கேப்ஸ் லொக் பட்டனை எஸ்கேப் பட்டனாக மாற்றி வைத்துக்கொள்கிறவர்களும் கேட்கிறார்கள். லினக்ஸில் டெஸ்க்டொப் அமைப்பில் மாற்றியும் விஎஸ் கோட் மட்டும் பழையபடியே நடக்கும். காரணம், அது எழுத்தைப் பார்க்காமல் பட்டன் இருக்கிற இடத்தைப் பார்க்கிறது. செட்டிங்ஸில் 'கீபோர்ட் டிஸ்பேட்ச்' என்று தேடி அதைக் 'கீகோட்' ஆக்கிவிட்டு, எடிட்டரை மூடித் திறங்கள், சரியாகும். இதே மாற்றத்தைச் செய்ய விண்டோஸில் பவர்டொய்ஸ், மேக்கில் கராபினர் என்ற மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் இலவசம்.

கடைசியாக ஒன்று. விஎஸ் கோட்டின் சின்க், அதாவது செட்டிங்ஸை மெஷின்களுக்கிடையே ஒன்றாக்குகிற வசதி, உங்கள் ஷொர்ட்கட்டுகளை ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கும். விண்டோஸில் மாற்றியது மேக்கில் வரவில்லை என்றால் சின்க் கெட்டுப்போகவில்லை. இப்படித் தனித்தனியாக வைப்பதை ஓஃப் செய்ய ஒரு செட்டிங் இருக்கிறது, ஆனால் தொடாதீர்கள். மேக்கில் கொமாண்டுக்கு எழுதியது விண்டோஸில் போய் விண்டோஸ் பட்டனோடு மல்லுக்கு நிற்கும், அப்புறம் முதலில் இருந்து எல்லாவற்றையும் தேட வேண்டியிருக்கும்.